விசில் அடிக்காத குக்கர்

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். அம்மாவை அங்கே வைத்துக்கொண்டு உங்களுக்கு என்ன குறை?

வீட்டு முகவரி இருக்கும்போது இந்தக் கடிதம் ஏன் உன் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது என்று பார்ப்பாய். வீட்டுக்கு வந்தால் அம்மாதான் முதலில் பிரிப்பாள். அடுத்தவர் கடிதம் என்ற எண்ணமெல்லாம் அவளுக்குக் கிடையாது, உனக்கே தெரியும். போனில் பேசலாம் என்றால் நீ எடுத்த எடுப்பிலேயே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். ஒரு பக்கம் பாப்பா கத்துகிறாள், இன்னொரு பக்கம் மாப்பிள்ளை சாவியைத் தேடுகிறார், நடுவில் அம்மா "யாரு, பெரியவளா? சாப்டாளான்னு கேளு" என்கிறாள். நான் பேசுவது அவளுக்குக் கேட்கிறது. ஆனாலும் உன்னிடம்தான் கேட்கச் சொல்கிறாள். இதில் நான் எதை மனம்விட்டுப் பேச?

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அம்மா உன் சமையலறையில் மாப்பிள்ளையின் கம்பளிக் குல்லாவைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். இடுப்பில் பாப்பா. பக்கத்தில் அந்தக் கரன்ட் குக்கர், மூடி திறந்து, ஆவி பறக்க. பெருமை பொறுக்காமல் அதன் மேல் ஒரு கை வேறு வைத்திருக்கிறாள், ஏதோ அவளே பெற்று வளர்த்ததைப் போல. கீழே நீ எழுதியிருந்தாய்: "அம்மா இப்ப எக்ஸ்பர்ட்! தினம் ஒரு சூப்!"

தினம் ஒரு சூப். நன்றாக இருங்கள்.

நான் கேட்கிறேன், அதே குக்கரைப் போன குளிர்காலத்துக்கு முன்னால் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது யார்? உன்னுடையது வெள்ளை, என்னுடையது கறுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். நம் சமையலறையின் தரை ஐஸ் மாதிரி இருக்கும், முழங்கால் வலியோடு அடுப்படியில் நிற்கிறாளே என்றுதான் வாங்கினேன். எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டு, பொத்தானை அமுக்கிவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு" என்றாள். மறுநாள் அது தெர்மகோலோடு பெட்டிக்குள் போய் அலமாரி மேல் ஏறிவிட்டது. உள்பாத்திரம் மட்டும் வெளியே நின்றது. குளியலறைக் குழாய் சொட்டுகிறதல்லவா, அதற்குக் கீழே. நல்ல கனமான பாத்திரமாம், தண்ணீர் தெறிக்கவில்லையாம். நான் ஆசையாக வாங்கியதற்கு அந்த மரியாதைதான் கிடைத்தது.

இப்போது நீ வாங்கினாய். அம்மா தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாள். போன தடவை போனில் எனக்கே பாடம் நடத்துகிறாள்! பூசணியைத் தோலோடு பெரிய துண்டாகப் போட வேண்டுமாம், வெந்ததும் தோல் தானாகக் கழன்று வந்துவிடுமாம். கொண்டைக்கடலையை ஊற வைக்க மறந்துவிட்டாலும் பரவாயில்லையாம். கோழியை எலும்போடு போட்டு, பார்லியும் கேரட்டும் சேர்த்து, கடைசியில் மிளகைத் தட்டிப் போட்டால் சளி பிடித்த மூக்கெல்லாம் திறந்துகொள்ளுமாம். "நீயும் ஒண்ணு வாங்கிக்கோயேன்டி" என்கிறாள். நம் வீட்டு அலமாரி மேல் என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். ஸ்பீக்கர் ஞாபகம் வந்து விழுங்கிக்கொண்டேன்.

நீ சொன்ன இன்னொரு கதையும் என்னைத் தூங்கவிடவில்லை. முதல் நாள் அம்மா பருப்பை வைத்துவிட்டு விசிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றாளாமே, அது விசிலே அடிக்காது என்று தெரியாமல். நீ வேலையிலிருந்து வந்து பார்த்தால் பருப்பு எப்போதோ வெந்து தயாராக இருக்க, அம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாளாம். நீயும் மாப்பிள்ளையும் விழுந்து விழுந்து சிரித்தீர்களாம். அம்மாவும் சேர்ந்து சிரித்தாளாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கூத்து என் வீட்டில் நடந்திருக்க வேண்டியது. அந்தச் சிரிப்பு எனக்கு வர வேண்டியது.

பொறாமை என்றுதானே நினைக்கிறாய்? பொறாமைதான். சின்ன வயதில் அம்மா உனக்குத் தலைவாரிவிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பேனே, அதே பொறாமைதான். நரை வந்தால் இதெல்லாம் போய்விடும் என்று எவனோ சொன்னான். போகவில்லை.

குளிர் முடிந்ததும் அம்மா வருகிறாள் அல்லவா? பயணச் சீட்டு எடுத்துவிட்டாயா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும் எழுதினேன். பாப்பாவுக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்குக் குல்லாவைத் திருப்பிக் கொடுக்கச் சொல், அவருக்கும் தலை குளிரும்.

வயிற்றெரிச்சலோடு,
உன் அக்கா


அன்புள்ள தங்கைக்கு,

உன் பதில் கிடைத்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்கு நடுவே வைத்துப் பிரித்தேன். நல்ல வேளையாக அப்போது கண்ணாடி மாற்ற வந்தவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு என் முகம் தெரிந்திருக்காது.

அம்மா உங்களோடேயே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். பாப்பா அவளிடம் ஒட்டிக்கொண்டுவிட்டாள், வேறு யாரிடம் விட்டாலும் அழுகிறாள் என்கிறாய். உனக்கும் அலுவலகத்தில் நிம்மதியாக இருக்கிறது. "நீயும் கொஞ்சம் ஃப்ரீயா இருக்கலாமேக்கா" என்று வேறு ஒரு வரி. நான் எதிலிருந்து ஃப்ரீ ஆக வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? கடை விட்டு வந்தால் வீடு இருட்டாக இருக்கிறது. ஸ்விட்சைத் தடவிப் போட்டுக்கொண்டு உள்ளே போகிறேன். இந்த ஃப்ரீ எனக்கு வேண்டாம் தாயே.

கோபத்தில் அன்றைக்கே உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன், பயப்படாதே. நீ உன் மாமியாரைப் பற்றி என்னிடம் சொன்னதையெல்லாம் அதில் ஞாபகப்படுத்தியிருந்தேன்.

ஆனால் உன் கடிதத்தில் நீ வேடிக்கையாக எழுதின ஒன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அம்மாவிடம் நீ கேட்டாயாமே, அக்கா வீட்டில் ஏன் அந்தக் குக்கரைத் தொடவில்லை என்று. அதற்கு அம்மா சொன்னாளாம், "அவ காலையில எல்லாத்தையும் போட்டு அமுக்கிட்டுப் போயிட்டா சாயங்காலம் வரைக்கும் அதுவே சூடா வச்சிருக்கும். அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை? இங்கன்னா பாப்பா இருக்கா." சொல்லிவிட்டுச் சிரித்தாளாம். நீயும் சிரித்தாயாம். பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சி வேறு வரைந்திருக்கிறாய்.

அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேனோ.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை இறக்கினேன். தூசியில் தும்மல் நிற்கவே இல்லை. குழாயடியிலிருந்த உள்பாத்திரத்தை எடுத்து, உப்புக் கறை போகத் தேய்த்துக் கழுவினேன். குழாய்க்குக் கீழே வாளியை வைத்தேன். அது தெறிக்கத்தான் செய்கிறது, அம்மா சொன்னது சரி. பிறகு அவள் போனில் ஓதியதை அப்படியே செய்தேன். கோழி, எலும்போடு. பார்லி. கேரட்டும் உருளைக்கிழங்கும் பெரிய துண்டாக. மூடியைத் திருகி, வால்வைச் சரியாக வைத்து, பொத்தானை அமுக்கினேன்.

சொன்னால் சிரிப்பாய். விசில் அடிக்காது என்று எனக்குத் தெரியும். உன்னிடம் அந்தக் கதையைக் கேட்டு வயிறெரிந்தவளே நான்தான். இருந்தாலும் அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து, பூண்டு உரிக்கிற கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, விசிலுக்குக் காத்திருந்தேன். அது கொஞ்ச நேரம் உஸ்ஸென்றது. அப்புறம் சத்தமே இல்லை. நான் போய்த் துணி மடிக்கலாம், குளிக்கலாம், படுத்துத் தூங்கலாம். அதற்கு நான் வேண்டியதே இல்லை. கைக்கு வேலையில்லாமல் அந்தக் குளிர்ந்த தரையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அம்மா சொன்னது எனக்கு முழுசாக உறைத்தது.

நீ கல்யாணமாகிப் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவரும் எங்கே பேசிக்கொள்வோம் தெரியுமா? அடுப்படியில்தான். வேறெங்கும் இல்லை. நான் வந்து கோட்டைக் கழற்றும்போதே அம்மா அடுப்பைப் பற்ற வைப்பாள். அடிபிடிக்கும் என்று கிளறிக்கொண்டே நிற்பாள். நான் முக்காலியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன். கடைக்கு யார் வந்தார்கள் என்று வாயைப் பிடுங்குவாள். கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து என்னை ஏமாற்றப் பார்த்த லாரி டிரைவரைப் பற்றிச் சொன்னால் கரண்டியோடு திரும்பி நின்று சிரிப்பாள். விசில் வந்தால் "பேசாதே, எண்ணணும்" என்று அதட்டுவாள். ஜன்னல் முழுக்க ஆவி படிந்து வெளியே தெரு தெரியாது. சாப்பாடு மேசைக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும். அவள் டிவி முன்னால், நான் என் அறையில். சமையல் ஆகிற நேரம் மட்டும்தான் எங்களுக்கு. அதை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்று நான் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தால் அவள் குழாயடியில் வைக்காமல் வேறென்ன செய்வாள்?

இதை எனக்கு அவள் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அதிலும் எனக்குப் பொறாமைதான், போ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா அழுவாள் என்கிறாய். அழுவாள், பாவம். ஆனால் சாயங்காலம் நீ வந்துவிடுவாய், தூக்கிக்கொள்வாய், அடங்கிவிடுவாள். உன் பாப்பாவுக்கு ஒரு அம்மா இருக்கிறாள் சிட்டு. எனக்கும் வேண்டாமா?

ஆனாலும் அவளைக் கட்டி இழுத்துக்கொண்டு வர மாட்டேன். நான் கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள். கடமைக்கு வந்து, உள்ளுக்குள் பாப்பாவை நினைத்துக்கொண்டு, மூலையில் உட்காருவாள். அது எனக்கு வேண்டாம். "பெரியவ என்ன சொல்றாளோ" என்று அம்மா காத்திருப்பதாக எழுதியிருந்தாய். பெரியவள் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல். உன் இஷ்டம்மா என்று அவளிடமே விட்டுவிடு. அங்கேயே இருக்கிறேன் என்றால் இருக்கட்டும். அவளுடைய முழங்கால் தைலத்தை நான் பார்சலில் அனுப்பிவிடுகிறேன்.

எனக்காக ஒன்றே ஒன்று செய். அவள் முடிவு சொல்வதற்கு முன்னால், பேச்சுவாக்கில் நீயாகச் சொல்வதுபோல் சொல். அக்கா அந்தக் குக்கரை இறக்கிச் சமைத்துப் பார்த்தாளாம், ஒன்றும் பிடிபடவில்லையாம் என்று. மூடியைத் திறக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாளாம், பார்லி கல்லு கல்லாக இருந்ததாம், கடைசியில் ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுத்தாளாம் என்று. உனக்குப் பொய் நன்றாக வரும், சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். சிரித்துக்கொண்டே சொல், அப்போதுதான் நம்புவாள். ஸ்பீக்கரில் என்னைக் கேட்டாலும் நான் ஆமாம் என்பேன்.

நிஜத்தில் சூப் எப்படி இருந்தது என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். எலும்பு தொட்டால் கழன்றது. கேரட் இனித்தது. மிளகின் காரம் தொண்டையில் இறங்கி உடம்பெல்லாம் சூடாயிற்று. அம்மா வைத்தது மாதிரியே இருந்தது. நின்றபடியே ஒரு கிண்ணம் குடித்தேன், மீதி ராத்திரி முழுக்க அதற்குள்ளேயே சூடாக இருந்தது.

பாப்பா நோய் நொடி இல்லாமல் வளரட்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. நன்றாக வந்தது என்பது மட்டும் அம்மாவின் காதுக்குப் போய்விடக் கூடாது.

உன்னையே நம்பியிருக்கும்,
உன் அக்கா