பஸ் வா, பஸ் போ

பாலக்கோடு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழிலரசிக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. நீயும் உன் அறையில் கூட இருக்கிற பெண்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனா தன்னால் ஓடியது, பிடித்து நிறுத்தினேன். அப்பா அப்படியேதான் இருக்கிறார். வலது கையும் காலும் இன்னும் வரவில்லை, பேச்சும் வரவில்லை, ஆ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, அது பசியா தாகமா என்று நான்தான் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நான் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பதற்குள் பள்ளிக்கூடத்துக்கே சத்துணவு ஆக்கி இறக்கிவிடலாம், அதனால் உன் அத்தை மகன் வீரமணிதான் எனக்கு அடித்துக் கொடுக்கிறான். இது அவன் கண்ணில் படக்கூடாத விஷயம். நீ சேலத்தில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் இருந்தபோது எழுதின மாதிரியே எழுதுகிறேன், நிதானமாகப் படி.

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாயா? இன்னும் இல்லை என்றால் கொடுக்காதே. கொடுத்திருந்தால் நாளைக்கே போய் அந்த ஓட்டல் மேனேஜரிடம் தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொள். அப்பா கூப்பிடுகிறார், மாதக் கடைசியில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று நீ போட்ட பதிலை வீரமணி படித்துக் காட்டியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, உன்னிடம் எதற்குப் பொய். அன்றைக்கே உன் கட்டில் மேல் இருந்த வெங்காய மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் துணி விரித்தேன். ஆனால் வீரமணி எடுத்து அனுப்பிய அந்த வீடியோவில் அப்பா சொன்னது நீ நினைத்தது இல்லை, நாங்கள் நினைத்ததும் இல்லை. எல்லோருமாகச் சேர்ந்து தப்பாகப் பார்த்துவிட்டோம்.

இப்போது நீ பேசுகிற சைகை வேறு, படித்த சைகை. நம் வீட்டுச் சைகை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ. வலது கையைத் தலைக்கு மேல் மடக்கிப் பிடித்தால் பஸ், கம்பியைப் பிடித்து நிற்கிற மாதிரி. கூடவே இடது கையை நெஞ்சுக்கு இழுத்தால் வா, உள்ளங்கையை வெளியே தள்ளினால் போ. வெள்ளிக்கிழமை உன் விடுதி வாசலில் நின்று அப்பா பஸ் வா என்பார், திங்கட்கிழமை விடியும்போது பஸ் போ என்பார். அந்தத் தள்ளுகிற கையைக் கண்டாலே உனக்கு ஆகாது, ஓடிவந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொள்வாய், தள்ளாவிட்டால் போக வேண்டியதில்லை என்று உனக்கு ஒரு எண்ணம். அவரும் கையை விடுவிக்கத் தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் நிற்பார், பஸ் போய்விடும் என்று நான்தான் கத்த வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததில் இருந்து அவர் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். இடது கையைச் சிரமப்பட்டு மேலே தூக்கி மடக்குவார், பஸ். அப்புறம் அதே கை இறங்கி நெஞ்சுக்கு வரும், அதோடு மடியில் விழுந்துவிடும். யார் பார்த்தாலும் என்ன சொல்வார்கள், பஸ் வா என்றுதானே. மாதம்மாள் அத்தை தலைமாட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். "பெத்தவன் கூப்புட்றான் பாரு சுகுணா, இன்னும் என்னத்துக்கு அவ அசலூர்ல கெடக்கணும், வாய் பேசாத புள்ள வூட்டோட இருந்து அப்பனப் பாக்கட்டும்" என்றாள். வீரமணியை வைத்து வீடியோ எடுக்கச் சொன்னதும் அவள்தான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் நீ வர வேண்டும் என்றிருந்தது.

போன வியாழக்கிழமை மத்தியானம் அவரைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வழக்கம் போலக் கையைத் தூக்கினார், நெஞ்சுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு நான் ஒட்டி உட்கார்ந்திருந்ததால் அவர் முழங்கைக்கு என் முட்டி தாங்கலாகிவிட்டது. கை விழவில்லை. உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பி என் முகத்திலேயே வந்து இடித்தது, கிண்ணம் கவிழ்ந்து புடவையெல்லாம் கஞ்சி. எனக்கு வந்ததே கோபம், ஊட்டுகிறவளையா தள்ளுகிறீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் மறுபடியும் தூக்கினார். பஸ். நெஞ்சு. தள்ளல். அப்போதுதான் எழிலு எனக்கு உறைத்தது. இரண்டு கையால் சொன்னதை ஒரு கையால் சொல்ல வேண்டுமென்றால் ஒன்றன் பின் ஒன்றாகத்தானே சொல்ல முடியும், தள்ளுவதற்கு முன்னால் கை நெஞ்சுக்கு வந்துதானே ஆக வேண்டும். தள்ளத்தான் இத்தனை நாளும் பலம் இல்லை. நான் பஸ் வா என்கிறீர்களா என்று செய்து காட்டினேன், கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் போ என்கிறீர்களா என்று செய்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து என் கையோடு சேர்த்து அவரும் தள்ளினார், ஆ ஆ என்று அழுதார். நானும் அழுதேன். அவர் எனக்குப் புரிந்துவிட்டதே என்று அழுதார், நான் எதற்கு அழுதேன் என்று அவருக்குத் தெரியாது.

ஏன் போ என்கிறார் என்று எனக்குத் தெரியும். ஐதராபாத்தில் உன் அறைக்கு வந்தோமே, பெல்லை அழுத்தினால் உள்ளே விளக்கு மின்னுகிறது என்று சின்னப் பிள்ளை மாதிரி வெளியே போய்ப் போய் அழுத்திக்கொண்டிருந்தாரே. தலையணைக்குள் அதிர்கிற அலாரத்தை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். சந்தையில் நீ போனில் விலையை அடித்துக் காட்டி அந்தத் தெலுங்குக்காரரோடு பேரம் பேசினாய், அவர் உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார், எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் அப்பா, "அவ நம்மளவிட நல்லா பொழைக்கறா சுகுணா" என்றார். இங்கே நீ வந்தால் மளிகைக் கடைக்காரர் உன்னைப் பார்க்க மாட்டார், என்னைப் பார்த்துப் பாப்பாவுக்கு என்ன வேணுமாம் என்று கேட்பார். அங்கே நீ கேக் செய்கிற எழிலரசி. இங்கே மாரப்பன் வீட்டு ஊமைப்பெண். இந்த வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் சொல்கிறவர்களுக்கு வாய் நன்றாக வருகிறது.

எங்களை நினைத்து மருகாதே. காலையில் நான் சத்துணவுக்குப் போகும் நேரத்தில் பக்கத்துத் தெரு நிர்மலா வந்து அவரைப் பார்த்துக்கொள்கிறாள், ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள், புரட்டிப் போடுவது துடைப்பது எல்லாம் என்னைவிட நன்றாகச் செய்வாள். தக்காளிக் காட்டை விளைச்சலில் பாதி என்று வாரத்துக்கு விட்டாகிவிட்டது. அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவள் கோபித்துக்கொண்டால் நாலு நாள் வர மாட்டாள், அதுவும் நல்லதுதான். உன்னிடம் மறைக்கக்கூடாது, அப்பா தேறுவார் என்று டாக்டர் சொல்லவில்லை. இன்னொரு தடவை பக்கவாதம் வந்தால் தாங்காது என்றுதான் சொன்னார். அவர் போன பிறகு இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது? அப்படி ஒன்று நடந்து நான் புத்தி கெட்டு உன்னை இங்கேயே இரு என்று கட்டிக்கொண்டு அழுதாலும் நீ கேட்காதே. அன்றைக்குச் சொல்கிறதைவிட இன்றைக்குத் தெளிவாக இருக்கும்போது எழுதுகிறதுதான் அம்மா பேச்சு.

வேளைக்குச் சாப்பிடு, கேக் அடுப்புக்கிட்ட நின்று நின்று கையில் கொப்புளம் வாங்காதே, கூட இருக்கிற பெண்களையும் கேட்டதாகச் சொல். அப்பனும் ஆத்தாளும் நினைக்கிற நினைப்பு உன்னைக் காக்கும், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் சாமி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. லீவு கேட்டு வா, பத்து நாள் அவர் பக்கத்தில் இரு. திரும்பிக் கிளம்பும்போது அவர் தூங்குகிறார் என்று சத்தமில்லாமல் போய்விடாதே. அவர் முழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, பையை மாட்டிக்கொண்டு கட்டிலுக்கு நேராக நில். முழங்கையை நான் தாங்கிக்கொள்கிறேன். அவர் தள்ளி முடித்த பிறகு போ.

இப்படிக்கு
உன்னை வா என்று சொல்ல ஆசைப்படும்
அம்மா சுகுணா