தங்கச்சி போட வேண்டிய கையெழுத்து

மாசி 3, 1986
இப்போதே வெயில் சுடுகிறது. மிளகாய் காயப்போட்டேன். மத்தியானம் திருச்செங்கோட்டிலிருந்து அண்ணன். கை நிறைய முருங்கைக்காய். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "வெள்ளிக்கிழம ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ சாமி. அப்பா பூமிய எம்பேருக்கு மாத்தோணும்" என்றார்.

கிணற்றுத் தோட்டம் அப்பா சம்பாதித்து வாங்கியது. உயில் எழுதாமல் போய்விட்டார். அம்மாவும் இல்லை. "எனக்குப் பங்கு கெடையாதுங்களாண்ணா?" சும்மாதான் கேட்டேன். சிரித்தார். "பொம்பளப் புள்ளைக்குச் சீருதான் சாமி பங்கு."

மகள் செல்வி பெரியவளாகிவிட்டாள். அடுத்த மாதம் சீர். தாய்மாமன் அண்ணன் ஒருவர்தான்.

மாசி 5
ரேடியோவில், எல்லா மதத்துக்கும் ஒரே சட்டம் வேண்டுமா என்று பேச்சு. குக்கர் விசிலில் பாதி போச்சு. வீட்டுக்காரரைக் கேட்டேன். "அப்பா சொந்தமா வாங்குன பூமின்னா உனக்கும் சமபங்கு. ஆனா உங்க ஊட்டு விசயம், என்னை இழுக்காத." அட மனுஷா, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?

மாசி 6
குழாயடியில் பக்கத்து வீட்டு மேரி டீச்சர். அவர்கள் சட்டத்தில் ஆணும் பெண்ணும் சமமாம். ஜாக்கெட் தைக்கும் நூர்ஜஹான் அக்காவுக்கு அண்ணன் பங்கில் பாதியாம். "எல்லாருக்கும் ஒண்ணா ஆக்குனா யாருதை ஆக்குவாங்க? உங்களுதா, எங்களுதா?" அக்கா கேட்டது நல்ல கேள்வி. எனக்குத் தெரியவில்லை.
செல்விக்கு ரிப்பன். மண்ணெண்ணெய்.

மாசி 7
இருவரும் அந்தப் பங்கை வாங்கினார்களா என்று நேற்றுக் கேட்கவே இல்லையே! இன்று கேட்டேன்.
மேரி டீச்சர்: "தம்பி கல்யாணத்தப்பவே எழுதிக் குடுத்துட்டேன். கேட்டிருந்தா மூஞ்சி குடுத்துப் பேசுவானா?"
அக்கா, ஊசியில் நூல் கோத்தபடி: "பெருநாளைக்குப் போய் நிக்க ஒரு ஊடு வேணாமா?"
அட! ஒரே சட்டம்தான் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

மாசி 9
ரிஜிஸ்டர் ஆபீஸ். கல்யாண வீடு போலக் கூட்டம். அண்ணன் கையில் மஞ்சள் பை, உள்ளே பட்டுப்புடவை. கொடுத்தார். பேனாவும் கொடுத்தார்.
"போடலைன்னா செல்வி சீருக்கு வருவீங்களாண்ணா?"
"இதென்ன கேள்வி?"
"சொல்லுங்க."
தரையைப் பார்த்தார். பேனாவை மூடிக் கொடுத்தேன். புடவையையும் நீட்டினேன்.
"அது எந் தங்கச்சிக்கு எடுத்தது" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். பஸ்ஸில் வழியெல்லாம் அழுகை.
வீட்டில் செல்வி பையைப் பிரித்தாள். "மாமா வந்து மாலை போடுவாங்கல்லம்மா?"
தெரியல சாமி என்றேன்.