சரியாக ஒரு மீட்டர்

இன்று காலை சங்ககிரி ரயில்வே பாலத்தடியில் மறுபடியும் ஒரு வைக்கோல் லாரி சிக்கிக்கொண்டது. "நொழஞ்சிரும்னுதானுங்க வந்தேன்" என்றார் டிரைவர். சாலையோரத்தில் விளம்பரத் தட்டிக்கு முட்டுக் கொடுத்தபடி சிவப்பு வெள்ளைக் கம்பம் ஒன்று சாய்ந்திருந்தது. நீங்கள் நட்டது.

பாலத்துக்கு முன்பே பாரத்தின் உயரத்தைச் சொல்லிவிட இரண்டு கேமராக்களைப் பொருத்தினீர்கள். லாரி வர வர இரண்டும் இரும்புச் சட்டத்தில் நகரும், தனித்தனியே திரும்பும். இடைவெளியும் கோணமும் மாறுவதால், தினமும் சாலையை மறித்துச் சரிபார்க்க வேண்டும் என்றார் அதிகாரி.

"ஏனுங்க, கண்ண உருட்டி உருட்டித்தான் பாக்கறோம். எத்தன டிகிரி திரும்புச்சுன்னு அளந்துட்டா பாக்கறோம்?" என்று கேட்டீர்கள்.

இரண்டு படங்களிலும் தெரியும் அதே புள்ளிகளிலிருந்தே கேமராக்கள் நின்ற விதத்தை உங்கள் கணக்கு கண்டுகொள்ளும். லாரியின் வடிவம் கிடைத்துவிடும். ஆனால் அது நிஜ லாரியா, பொம்மை லாரியா என்று சொல்ல, படத்துக்குள் நமக்கு அளவு தெரிந்த பொருள் ஒன்றாவது வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கம்பம். வண்ணம் பூசிய பகுதி சரியாக ஒரு மீட்டர்.

டீக்கடையில் இதை மூன்று முறை விளக்கினீர்கள். நிருபரான நான் மூன்று முறையும் தலையாட்டினேன். மறுநாள் செய்தியின் தலைப்பு: 'அளவே தேவையில்லாத அதிசயக் கேமரா!'

சாலை வேலைக்கு வந்தவர்கள் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு, அதே வண்ணத்தில் பாதி உயரக் கல் ஒன்றை நட்டார்கள். "அளவே வேண்டாம்னு பேப்பர்லயே போட்டிருக்குதுங்களே" என்றார் மேஸ்திரி. கருவி கல்லை ஒரு மீட்டர் என்று எடுத்துக்கொண்டது; எல்லா உயரமும் இரட்டிப்பானது. சோதனை நாளில், அதிகாரிகள் முன்னால், காலியாக வந்த குட்டியானை என்னும் சின்னச் சரக்கு வண்டி பாலத்தில் இடிக்கும் என்று மணியடித்தது. "ஆனைக்கே மணியடிக்குதுடா!" என்று கூட்டம் சிரித்தது. அன்றே கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

நேராக என்னிடம் வந்தீர்கள். "அளவே வேண்டாம்னா சொன்னேன், சாமி? ஒண்ணு போதும்னேன்."

தலைப்பு ஆபீசில் வைத்தது என்றேன். திருத்தம் வரும் என்றேன். "பழைய செய்தி, விடுங்க" என்றார் ஆசிரியர். இரண்டாவது முறை கேட்க நான் போகவில்லை. நீங்கள் சாகும்வரை தினமும் காலையில் பேப்பரைப் புரட்டித் திருத்தத்தைத் தேடியதாக உங்கள் மனைவி சொன்னார்.

இன்று கம்பத்தின் வண்ணப் பகுதியை அளந்து பார்த்தேன். சரியாக ஒரு மீட்டர். எண்களில் பிசகாதவன் என்று ஊரில் எனக்கொரு பெயர் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அந்தத் தலைப்பை ஆபீசில் யாரும் வைக்கவில்லை. நான்தான் எழுதிக் கொடுத்தேன்.