வாழ்த்துவரி டாட் இன்

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று மதுரை சிம்மக்கல் பேனர் கடையில் மூன்று காதணி விழா, ஒரு பூப்புனித நீராட்டு, ஒரு கண்ணீர் அஞ்சலி. பேனர் டிசைன் நான், அதில் வரும் வரியும் நான். அடியில் பேர் மட்டும் கடைக்காரர் பேர். வரிக்குக் கீழே 'முனீஸ்வரி' என்று பொடி எழுத்தில் போடலாமா என்று கடைக்காரர் முத்திருளன் அண்ணனிடம் இன்றும் கேட்டேன். ஆறாவது தடவை.

"வரிய எவன் தாயி படிக்கிறான்? தன் மூஞ்சி இருக்கான்னுதான் பாக்குறான்."

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "சரி, உன் வரிக்குன்னே ஒரு ஆர்டர் வரட்டும். அன்னைக்குப் போடுறேன். சத்தியம்" என்றார்.

வரட்டுமாமே. வர வைக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மானம் போச்சு!

நாலு வருடமாக என் வரிகளை இணையத்தில் இலவசப் பக்கம் ஒன்றில்தான் சேர்த்து வைத்திருக்கிறேன். பேரும் போட்டோவும் கொடுத்தால் ஒரு கம்பெனிக்காரன் அவன் இடத்திலேயே நமக்கொரு பக்கம் போட்டுத் தருவான். பக்கத்து வீட்டு நாகஜோதி அக்காவின் மாமனாருக்கு இன்று பதினாறாம் நாள். அவருக்கு நான் எழுதிய வரி: 'நீங்கள் உட்கார்ந்த நாற்காலியை இன்னும் யாரும் நகர்த்தவில்லை.' சொந்தக்காரர்களுக்குக் காட்ட அக்கா போனில் என் பக்கத்தைத் திறந்தாள். வரிக்கு நேர் கீழே விளம்பரம் — 'தனிமையா? உங்கள் ஜோடி உங்கள் ஊரிலேயே!'

போன் இருந்தது அவள் மாமியார் கையில்.

"எங்க அத்தைக்கு மாப்ள பாக்கச் சொல்லி உன்னையக் கேட்டோமாடி?" என்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் கூனிக் குறுகி நிற்கிறேன். அந்தம்மா கண்ணாடியை மாட்டி, முழுவதும் படித்துவிட்டு, "ஆளு எந்த ஊராம்?" என்று கேட்டார். துக்க வீடு என்றும் பார்க்காமல் மொத்தப் பேரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் அழுது எழுதிய வரி அது.

பிப்ரவரி 21, வெள்ளி

கம்பெனிக்கு மெயில் போட்டேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. அதற்கடியிலும் ஒரு விளம்பரம்.

மார்ச் 2, ஞாயிறு

சொந்தமாகப் பேர் வாங்கிவிட்டேன்! வாழ்த்துவரி டாட் இன்.

அழகர்கோவில் பஸ்ஸில் கண்டக்டர் வேலை முடித்து வந்த ராம்கியிடம் காட்டினேன். என் வீட்டுக்காரர் எதற்கும் உடனே நல்லாருக்கு என்று சொல்லிவிட மாட்டாரே.

"வருசா வருசம் கட்டணும்னா அது எப்படி சொந்தம்?"

"ஒத்திக்கு எடுத்த மாதிரின்னு வச்சுக்கங்க. வாடகை வீட்டுல ஆணி அடிக்க விட மாட்டாக. அந்தக் கம்பெனிக்காரன் நம்ம ஹாலுக்குள்ளயே வந்து கடை போடுறான். இங்கன எவனும் உள்ள வர முடியாதுல்ல?"

"ம். எவனும் வர மாட்டான்."

நக்கல். ஆனாலும் பக்கத்தை இரண்டு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

மார்ச் 13, வியாழன்

பதினோரு நாளில் பக்கத்துக்கு வந்தவர்கள் நாலு பேர். அதில் மூன்று நான். ஒன்று ராம்கி. பழைய இடத்தில் எதையோ தேடி வந்த ஆளாவது நம்மையும் எட்டிப் பார்ப்பான். இங்கே ஈ, காக்கா இல்லை. அவசரப்பட்டுவிட்டேனோ?

மார்ச் 24, திங்கள்

வந்திருச்சு! அழகர்கோவில் ரோட்டில் சித்திரைத் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடும் கமிட்டி. பன்னிரண்டு பேனர், பன்னிரண்டுக்கும் வெவ்வேறு வரி. செயலாளர் பஞ்சாபகேசன் சார் வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் கட்டிய அஞ்சலி பேனரில் என் நாற்காலி வரியைப் பார்த்திருக்கிறார். நாகஜோதி அக்கா வீட்டில் நம்பர் வாங்கிக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை சாயந்திரக் கூட்டத்தில் என் மற்ற வரிகளையும் பார்த்துவிட்டு முடிவாம்.

லிங்க் அனுப்பட்டுமா என்றேன். "வாட்ஸப்பெல்லாம் நான் வெச்சுக்கலம்மா. பேரைச் சொல்லுங்கோ, கம்ப்யூட்டர்ல பாக்கறேன்" என்றார். சொன்னேன். பன்னிரண்டு பேனரில் என் பேர்!

மார்ச் 28, வெள்ளி

மதியம் சார் போன். "மூணு தரம் பாத்துட்டேன். அப்படி ஒரு பக்கமே இல்லைங்கறதே?"

நான் பதில் சொல்றதுக்குள்ள வச்சுட்டார். என் போனில் திறக்குது. கடைக் கம்ப்யூட்டரில் திறக்குது. ராம்கி போனிலும் திறக்குதாம். திருப்பிக் கூப்பிட்டால் சார் எடுக்கவே இல்லை. ஆறு மணிக்குக் கூட்டம். முத்திருளன் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அந்த விளம்பரக்காரன் பக்கமாவது திறந்து தொலைச்சிருக்கும். எனக்கு எதுக்கு இந்தச் சொந்தப் பேரு?

மார்ச் 29, சனி

காலையில் சாரே கூப்பிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ழ-வுக்கு நீங்க என்ன எழுத்தும்மா போட்டிருக்கேள்?" என்றார்.

எல்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். தமிழில் எழுதும்போது ஒரு ழ தப்பாது எனக்கு. இங்கிலீஷில் அடிக்கும்போது வாய் போன வழியே கை போயிருக்கிறது. வாளப்பளம் தின்று வளர்ந்த வாய்! சார் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். முறையாக இசட் எச் போட்டுத் தேடியிருக்கிறார்.

"இல்லாத பக்கம்னு கூட்டத்துல சொல்லிட்டேன். எங்க பொருளாளர் காளை, தேங்காய் வியாபாரி, அவர் போன்ல தட்டினார். உடனே வந்துடுத்து. அவரும் எல் போட்டிருக்கார். எல்லா வரியையும் உரக்கப் படிச்சார். நடுவுல ஒரு விளம்பரம் கிடையாது. நாற்காலி வரியை மட்டும் ரெண்டு தரம் படிச்சார்மா. அப்பறம் கூட்டத்துல எல்லாரும் கையைத் தூக்கிட்டா. நீங்கதான் எழுதறேள்."

கடை வாசலிலேயே ஒரு சத்தம் போட்டேன். டவுன் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ராம்கி சொல்கிறார்: "எங்க பஸ் போர்டுலயே அழகருக்கு எல்தான். சாமியே கோவிச்சுக்கல."

ஏப்ரல் 2, புதன்

இசட் எச் போட்ட பேரையும் வாங்கினேன். எதில் வந்தாலும் ஒரே பக்கம் திறக்கும். சார் மாதிரி ஆட்களுக்கு ஒரு வாசல், காளை அண்ணன் மாதிரி ஆட்களுக்கு ஒரு வாசல். பழைய பக்கத்தை அழித்துவிட்டேன். 'எங்களைப் பிரிய வேண்டுமா?' என்று கேட்டது. ஆமாம்யா, ஆமாம்.

மே 10, சனி

அழகர் மலையிலிருந்து புறப்பட்டுவிட்டார். ரோடு பூராவும் ஜனம். பந்தல் முகப்பில் முதல் பேனர்: 'ஆத்துல இறங்கப் போறவரே, முதல் தண்ணி எங்க பந்தல்ல!' பஞ்சாபகேசன் சார் 'ஆற்றில்', 'பந்தலில்' என்று திருத்தப் பார்த்தார். காளை அண்ணன் விடவில்லை. முத்திருளன் அண்ணன் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார். பொடி எழுத்தெல்லாம் இல்லை, நல்ல சிவப்பில், கொட்டை எழுத்தில்.

மோர் டம்ளரோடு அதன் பக்கத்திலேயே நின்றிருந்தேன். போனைத் தூக்கிப் பிடித்த ஒரு பெண், "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எழுதுனவுக பேரு மறைக்குது" என்றாள்.

தள்ளி நின்றேன்.