குடும்பப் பெயர் கேட்ட கட்டம்

அம்மாவுக்கு மகள் ஏ தாண்டா வணங்கி எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? குலுக்கலில் தம்பி பெயரை எடுத்துப் பட்டாளத்துக்கு அனுப்பிய வார்டுத் தலைவனுக்கு இன்னும் தேநீர் ஊற்றுகிறாயாமே! வயிறு எரிகிறது.

நம் நாட்டுப் பட்டாளத்தின் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துச் சாலையோரம் அமைதியாக நிற்க, இங்கே தாய்லாந்து நகராட்சியில் அனுமதி கேட்டோம். படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம்.

“பர்மாக்காரங்களுக்கு அப்படி ஒண்ணு கிடையாதுங்க,” என்றேன் குமாஸ்தாவிடம்.

“குடும்பத்துக்கே பேரில்லாத சனமா? கட்டம் காலியா இருந்தா தொடமாட்டேன். எதையாவது எழுதித் தொலை!”

தம்பி பெயரை எழுதினேன். பின்னால் நின்ற பெண்களும் பிடிபட்ட தங்கள் பிள்ளைகளின் பெயர்களை எழுதினார்கள். அத்தனைக்கும் முத்திரை குத்திவிட்டான்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு நிற்கிறோம். தம்பியின் பழைய சட்டையை அனுப்பு, போட்டுக்கொள்கிறேன். படமும் அனுப்பு; சீருடையில் எடுத்தது வேண்டாம்.

மீன் ஆலைச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்குப் போகிறேன். அந்த ஆள் மறுபடி தேநீருக்கு வந்தால், முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்து.