லகரம் போட்டவன்

மார்ச் 4, 1974

தொலைபேசி அறையில் இன்றும் விசிறி ஓடவில்லை. மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே நான், வியர்வை, ஒரு நாற்காலி. வெளியூர் நிருபர்கள் கத்துவதைக் கேட்டு எழுதுவது என் வேலை. பதினொன்றரைக்குள் எழுதிக் கொடுத்தால்தான் மாலைப் பதிப்பில் ஏறும். சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை.

ஆற்றோர ஊரிலிருந்து 'மலை' கூப்பிட்டார். ஆள் ஒல்லி. வாயில் ழ வராது. ஒருமுறை "இங்க மூணு நாளா ஒரே மலை" என்று செய்தி கொடுத்ததிலிருந்து அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். வாய்க்காலில் ஒரு தையல்காரரின் பிணம் கிடக்கிறதாம், தலையில் அடி. நான்கு வரி.

மார்ச் 6

நான்கு வரி இன்று எட்டுப் பத்தி ஆகிவிட்டது.

செத்துப்போன தையல்காரர் ஒரு கூட்டத்தில் இருந்தவராம். கயிற்றுக்கடை மாடியில் பதினைந்து இருபது பேர் தினமும் சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். சாமி படம் கிடையாது, பாட்டு கிடையாது. ஊர் அவர்களை 'இருட்டுக்காரங்க' என்கிறது. நடத்துகிறவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மலை அந்த டீச்சரிடம் பேசியிருக்கிறார். டீச்சர் சொன்னது ஒரே வாக்கியம்: இந்தப் பலியை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

மலை பலி என்றார். பலி என்று எழுதினேன்.

செய்தி ஆசிரியர் தாளை வாங்கிப் படித்துவிட்டு என் தோளில் தட்டினார். இதுவரை என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அந்த வாக்கியம்தான் தலைப்பு. அதன் கீழே 'நரபலிக் கும்பலா?' என்று அவரே சேர்த்தார்.

மார்ச் 7

நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். அக்கா கேசரி கிளறினாள். என் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டேன்.

மார்ச் 9

கயிற்றுக்கடை மாடியை எரித்துவிட்டார்கள். மலை சொல்லச் சொல்ல நானே எழுதினேன். உள்ளே உட்கார்ந்திருந்த முடிதிருத்துகிறவரைக் கீழே இழுத்துப்போட்டு வலதுகை விரல்களை மிதித்திருக்கிறார்கள். இனி அந்தக் கை கத்தரி பிடிக்குமா? டீச்சரைக் கைது செய்துவிட்டார்கள். மாடிக்குச் சொந்தக்காரன் எதிர்க்கடையில் நின்று வேடிக்கை பார்த்தானாம். ஒரு வருஷமாகக் காலிபண்ணச் சொல்லிக்கொண்டிருந்தவன். இனி அவனுக்கு வழக்கும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். கையில் எங்கள் பத்திரிகை இருந்தால் போதும்.

இருநூறு மைல் தள்ளி இருக்கும் எங்கள் தெருவிலும் சாயங்காலம் ஆறு மணிக்கே கதவைச் சாத்துகிறார்கள். மூன்றாம் வீட்டுத் தனியாள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாராம். அக்கா என்னைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். பல்பு போயிருந்தது, அவ்வளவுதான்.

இந்த ஊர்களை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் கொலைகாரனா? சத்தம் போடுகிறவன் எல்லாம் யோக்கியனா?

நீ யோக்கியனாடா?

மார்ச் 15

மலை அலுவலகத்துக்கு வந்தார். மாலை போடாத குறை. தேநீர்க்கடைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். டீச்சர் சொன்னது எந்தப் பலி?

"எந்த பலின்னா? பலி பாவம்னு சொல்வோமே, அந்த பலிதான்யா."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மலை சொன்னார்: தையல்காரர் சாவதற்கு முந்தின சாயங்காலம் அந்த மாடிக்கு அழுதுகொண்டு வந்திருக்கிறார், மச்சான் கொன்றுவிடுவேன் என்று மிரட்டுவதாக. கூட்டத்தார் மனசை அமைதியாக வைத்துக்கொள் என்று சொல்லித் தனியாகவே அனுப்பிவிட்டார்கள். அதற்குத்தான் டீச்சர் அந்தப் பழியை ஏற்றுக்கொண்டது.

அச்சில் பார்த்ததும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"மேல பெரியவங்க பாத்து மாத்திருப்பீங்கன்னு நெனச்சேன். அப்புறம் எல்லாரும் கைகுடுத்தாங்க. விட்டுட்டேன்."

நானும்தான் விட்டுவிட்டேன். வடைக்கு அவரே காசு கொடுத்தார்.

ஜூலை 2

விடுப்புப் போட்டுவிட்டு ரயிலேறி அந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போனேன். கடைசி பெஞ்சு. அரசு வக்கீல் எங்கள் பத்திரிகையைப் பிரித்து, அம்மையார் இப்படிச் சொன்னது உண்மையா என்று மலையைக் கேட்டார். உண்மை என்றார் மலை. வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். அவர் வாயில் அது பலிதான். தட்டச்சர் பத்திரிகையைப் பார்த்தே லகரத்தைத் தட்டினார். பொய் சொல்லாமலே ஒருவர் ஒரு பொம்பளையைத் தூக்கில் போட முடியும் என்று இன்று பார்த்தேன்.

டீச்சர் எழுந்து, நான் சொன்னது பழி, சிறப்பு ழகரம் என்றார். பல வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற குரல். அரசு வக்கீல் சிரித்தார்.

"இப்ப எழுத்த மாத்துறாங்க, யுவர் ஆனர்."

சனங்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

ஜூலை 3

தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். தலைவலி இல்லை.

ஜூலை 8

நாங்கள் எழுதும் தாள்களைச் சாக்கில் கட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டிருப்பார்கள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது தேடினேன். கிடைத்தது.

எழுதித் தொலைக்கிறேன். மார்ச் 6-ஆம் தேதி நான் முதலில் எழுதியது பழி. ஐந்து மாதம் அவர் வாயைக் கேட்ட காது, தானாகவே சரியாக எழுதியிருக்கிறது. பிறகு ழி-யை அடித்துவிட்டு மேலே லி போட்டிருக்கிறேன். தாள் அப்படியே சொல்கிறது. எனக்கும் தெரியும், அன்றைக்கே தெரியும். பழி என்றால் ஆறாம் பக்கம். பலி என்றால் முதல் பக்கம். ஒரு கணம்தான் யோசித்தேன். திரும்பக் கூப்பிட்டுக் கேட்க இருபது நிமிஷம் இருந்தது.

செய்தி ஆசிரியரிடம் காட்டினேன். கதவைச் சாத்தினார்.

"கிழிச்சுப் போடு, தம்பி. உனக்கும் சோறு, எனக்கும் சோறு. அந்தம்மாவுக்கு வக்கீல் இருக்கான்ல?"

கிழிக்கவில்லை. ஆனால் சரி என்றுதான் தலையாட்டினேன். என்ன பிறவி நான்.

ஜூலை 11

டீச்சரின் வக்கீல் வீட்டில் தாளைக் கொடுத்துவிட்டேன். ரசீது கேட்டேன். எதற்கு என்றார். நானே மறுபடி வாங்கிக்கொண்டு ஓடிவிடாமல் இருக்க என்றேன்.

ஜூலை 19

சாட்சிக் கூண்டில் முக்கால் மணி நேரம். ஏன் மாற்றினாய் என்று நீதிபதியே கேட்டார். தலைப்பு நன்றாக வரும் என்று நினைத்தேன் என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் முழு நேரமும் என்னையே பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தப்பாகப் போட்ட கணக்கைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ஜூலை 22

வேலை போய்விட்டது. எதிர்பார்த்ததுதான்.

அக்டோபர் 21

டீச்சர் விடுதலை. மச்சானைத் தேடுகிறார்கள், அவன் மார்ச்சிலேயே ஊரைவிட்டுப் போய்விட்டான். எங்கள் பத்திரிகையில் — எங்கள் என்ன, அவர்கள் பத்திரிகையில் — ஆறாம் பக்கம், நான்கு வரி. எழுத்துப்பிழை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

லாரி ஆபீசில் பார்சல்களின்மேல் விலாசம் எழுதுகிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்துப் பார்க்கிறேன்.

நவம்பர் 17

டீச்சருக்கு அவர் ஊரில் யாரும் வீடு தரவில்லையாம். இங்கே, தபாலாபீஸ் தெருவில் ஓர் அறை எடுத்திருக்கிறார். இன்று அக்காவோடு அந்த வழியாகப் போனேன். டீச்சர் வாசலில் குனிந்து வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் நான் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். கால் தானாகப் போனது. அந்த முகத்தின் முன் நிற்க முடியாது, அவ்வளவுதான்.

அக்கா மூச்சிரைக்கப் பின்னால் வந்தாள்.

"கோர்ட்ல போய் அவ்வளவு பேசின, நீயே ஒதுங்கித்தானே போற? அப்ப ஏதோ இருக்குடா."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எதிரே வந்த பக்கத்து வீட்டம்மாவைப் பிடித்துக்கொண்டாள். என் தம்பியே பயந்து ரோட்டைத் தாண்டிட்டான் என்று அவள் சொல்வது, பத்தடி தள்ளி நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.