ஊதா வெளுத்தது உன் காளானாலயா, அண்ணே?

பூனாகலை ரோட்டுல தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டின என் வாயாடி அண்ணனுக்கு,

எப்படி இருக்கேன்னு நீ கேக்க மாட்டே, தெரியும். "என் காளான் என்னாச்சு?"ன்னுதான் முதல்ல கேப்பே. அதையே சொல்றேன்.

பட்டுப்போன சவுக்குக் கட்டையில மொளைக்கிற மரக்காளானைப் பிடுங்கிட்டு வந்து, கசாயம் போட்டு, "நெஞ்சுக்கு மருந்து"ன்னு வீட்டையே ஒரு வழி பண்ணுவியே. நான் சிரிச்சா, "நீ வேலை செய்யிற பதுளை சோதனை லெப்புல போட்டுப் பாரேன்"னு சவால் விடுவே. இப்பத்தான் போட்டேன். ஏன் தெரியுமா? அம்மா கிளினிக்ல குடுத்த பிரஷர் மாத்திரையை டப்பாவில மூடி வச்சிட்டு, உன் கசாயத்தைக் குடிச்சுக்கிட்டு இருக்காங்க. "என் புள்ள சொன்னது பொய்யாகுமா?"ங்கிறாங்க. தினமும் அதைக் குடிச்ச நீயே நெஞ்சுவலியில போயிட்டியே அண்ணே. அதை எந்த வாயால அவங்ககிட்ட சொல்ல?

அம்மா காய வச்சிருந்த காளானைக் கொண்டுபோய் வெந்நீர்ல சாறு எடுத்தேன். சோதனை ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. ஊதா நிறத்துல ஒரு திரவம் இருக்கு. சாறுல ஆன்டிஆக்ஸிடன்ட்ங்கிற சத்து இருந்தா ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்துச்சுன்னு மெஷின் சொல்லும். உன் சாறு பட்டதுதான் தாமதம், மஞ்சளாயிருச்சு! துள்ளிட்டேன். அழுகையும் வந்திருச்சு.

லெப்புக்குப் பொறுப்பா இருக்கிற மெடம் மட்டும் கண்ணைச் சுருக்கினாங்க. "வெறும் காளான் சாறு இவ்வளவு வேகமா ஊதாவை வெளுக்க வைக்குமா? வீட்டுல எப்படிக் காய வச்சாங்கன்னு கேட்டுட்டு வாங்க"ன்னாங்க.

தோட்டத்து லய வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேட்டேன். "வாடை போகணும்னு தேயிலைத் தண்ணியில ஊறப்போட்டுத்தான் காய வப்பேன். உங்கண்ணன் சொல்லிக் குடுத்ததுதானே."

அடப்பாவி அண்ணே! கண்ணு வீங்கினாலும் தேயிலை, புண்ணைக் கழுவவும் தேயிலைன்னு வளர்ந்த ஆளுங்கதானே நாம. தேயிலையிலயே அந்தச் சத்து கொட்டிக் கிடக்கு. அப்ப நான் அளந்தது காளானையா, நம்ம மலைக் கொழுந்தையா?

அதே கட்டையில வேற காளானை நானே பிடுங்கி, தேயிலைத் தண்ணி படாம காய வச்சுப் போட்டுப் பார்த்தேன். வெளுத்துச்சு. மெதுவா, கொஞ்சமா. ஆக, நீ முழுப் பொய் சொல்லலை. ஆனா கண்ணாடிக் குழாய்க்குள்ள கலர் வெளுக்கிறது வேற, அம்மாவுக்குப் பிரஷர் கொறையிறது வேற.

இதை அப்படியே அம்மாகிட்ட சொன்னேன். உன் படத்தைத் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம், "தினமும் என் கையாலதானே ஊத்திக் குடுத்தேன். அவன் நெஞ்சுவலிக்கு அது கேக்கலையே"ன்னு அவங்களே சொன்னாங்க. நான் சொல்லப் பயந்துக்கிட்டு இருந்த வார்த்தை அது. எந்திரிச்சுப் போய் டப்பாவைத் திறந்து, பச்சைத் தண்ணியில மாத்திரையை முழுங்கினாங்க.

அடுப்புல உன் கசாயம் மிச்சம் இருந்துச்சு. கொட்ட மனசு வரலை, நானே குடிச்சேன். அம்மாடி, என்ன கசப்பு! எப்படி அண்ணே சிரிச்சுக்கிட்டே குடிச்சே?

ஒண்ணு மட்டும் இன்னும் விளங்கலை. தேயிலையும் காளானும் சேர்ந்தா, தனித்தனியா செய்யிறதை விடக் கூடுதலா செய்யுமோ? அடுத்து அதைத்தான் போடப் போறேன். நீ ஜெயிச்சா லயம் பூரா சொல்றேன். தோத்தா உன் படத்துக்கு முன்னாடி வந்து மெதுவா சொல்றேன். எது வந்தாலும் அம்மாவோட மாத்திரை ஒருவேளையும் தப்பாது. அதுக்கு நான் பொறுப்பு.

உன் பேச்சை ஒருநாளும் சும்மா நம்பாத,
உன் தங்கச்சி